வானத்தில் ஒரு தெரு

பாரம்பரியக் கட்டடம்னு சொன்னா கோயில், கோட்டை, அரண்மனைதான் நம்ம நினைவுக்கு வரும். தொழிலாளிகளுக்காக நகராட்சி கட்டிக் கொடுத்த அடுக்குமாடி வீடும் பாரம்பரியச் சின்னமாகுமா? "கான்கிரீட் பெட்டியில என்ன கலை வேண்டிக் கிடக்கு?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். இங்கிலாந்தின் பார்க் ஹில் குடியிருப்பைப் பற்றிப் படித்த பிறகுதான் என் எண்ணம் மாறியது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இங்கிலாந்து நகரங்களில் வீட்டுப் பஞ்சம். குண்டுவீச்சில் இடிந்தவை ஒரு பக்கம், பழைய நெரிசல் சந்துகள் மறு பக்கம். எஃகுத் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரில், ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள குன்றில் 1957-இல் வேலை தொடங்கி 1961-இல் பார்க் ஹில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் ஜாக் லின், ஐவர் ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள். ஏறத்தாழ 1,000 வீடுகள்.

இதில் சிவில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. குன்று சரிந்துகொண்டே போகிறது. கூரையோ ஒரே மட்டம். அதனால் மேட்டுப் பக்கம் 4 மாடி, பள்ளத்துப் பக்கம் 13 மாடி! மூன்று மாடிக்கு ஒன்றாகச் சுமார் 10 அடி அகலத்தில் திறந்த நடைபாதை. பெரும்பாலான நடைபாதைகள் மேட்டுப் பக்கத்தில் தரையைத் தொடும். பால் வண்டி வீட்டு வாசலுக்கே வந்தது. இடிபட்ட பழைய தெருக்களின் பெயர்களையே நடைபாதைகளுக்கு வைத்தார்கள். பழைய அண்டை வீட்டாரைப் பக்கத்துப் பக்கத்திலேயே குடிவைக்கவும் முயன்றார்கள். தெருவை அழிக்காமல் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

1980-களில் எஃகு ஆலைகளில் வேலை போனது. பராமரிப்பும் குறைந்தது. கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. "இடிச்சுத் தள்ளுங்க" என்று பலரும் சொன்னார்கள். ஆனால் 1998-இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. பிறகு முதல் பகுதியை ஃப்ரேம் மட்டும் நிற்கும்படி உரித்து, கான்கிரீட்டைச் செப்பனிட்டு, செங்கல் சுவர் இருந்த இடத்தில் வண்ண அலுமினியத் தகடுகளைப் பொருத்தினார்கள். 2013-இல் அது ஸ்டிர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

எல்லாம் சுபமா? இல்லை. வேலைக்காகப் பழைய குடித்தனக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். புதுப்பித்த வீடுகளில் பெரும்பகுதி விற்பனைக்குப் போனது. குறைந்த வாடகைக்கு விட்டது ஒரு பங்குதான். லண்டனில் 1972-இல் முடிந்த ராபின் ஹூட் கார்டன்ஸுக்கோ அந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. 2017-இல் அதை இடிக்கத் தொடங்கியபோது, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டது. வீடு மியூசியத்துக்குப் போச்சு; குடியிருந்தவங்க?

ஆக, பாரம்பரியம் என்பது ஃப்ரேம் மட்டுமல்ல, அந்த நடைபாதையில் நின்று பேசிய சனங்களும்தான் என்பது என் கட்சி. நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் ஒரு பழைய குடியிருப்பின் முன் நின்று, "இடிக்கணுமா, ரிப்பேர் போதுமா?" என்று ரிப்போர்ட் எழுத வேண்டி வரும். கான்கிரீட்டின் பலத்தைச் சோதிக்க ரீபவுண்ட் ஹேமர் இருக்கிறது. அக்கம்பக்கத்தின் பலத்தைச் சோதிக்கக் கருவி கிடையாது. கதவைத் தட்டிக் கேட்டுத்தான் ஆகணும். கேட்போமா, தோழர்களே?