குரலும் வாத்தியமும் ஒன்றாகச் சேர

சென்ற பொங்கல் விழாவில் குழந்தைகள் ஆடிய காவடிச் சிந்துக்குப் பின்னணியில் பாடியது யார் என்று பலர் விசாரித்தார்கள். பாடியவர் என் மாமியார். வயது 78. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்த நாள் முதல், சங்க விழாக்களில் மேடையோரம் ஜமக்காளத்தில் அமர்ந்து பாடிவந்தவர். இப்போது இரண்டு சரணம் பாடினாலே மூச்சு வாங்குகிறது. ஆகவே, நியூ டவுனில் எங்கள் வீட்டிலேயே சிறிது சிறிதாகப் பாடவைத்துப் பதிவு செய்தேன். எனக்கு முறையான பயிற்சி கிடையாது. பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதும்படி ஆசிரியர் கேட்டதால் எழுதுகிறேன்.

1902 நவம்பரில் இதே கல்கத்தாவில், ஒரு ஹோட்டல் அறையில், கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. ஒரு கூம்புக் குழாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். குரல் ஓங்கவேண்டுமென்றால் பாடுபவர் குழாயை நெருங்குவார், வாத்தியக்காரர் தள்ளி உட்காருவார். நாற்காலியை நகர்த்துவதுதான் அன்றைய மிக்ஸிங்! எல்லாரும் ஒரே அறையில் இருந்ததால் குரல் வேறு, வாத்தியம் வேறு என்று பிரிந்து நிற்கவில்லை. எங்கள் நிலைமை அப்படியல்ல. மிருதங்கமும் புல்லாங்குழலும் சென்னையில் ஒரு சிறு கூடத்தில் பதிவாகி, ஒரே டிராக்காக வந்து சேர்ந்தன. குரல் மட்டும் இங்கே.

எங்கள் வீட்டுக்கு விமான நிலையம் தூரமில்லை. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தோம். மின்விசிறியை அணைத்து, புடவை அலமாரியை விரியத் திறந்துவைத்து, அதன் முன்னால் அவரை உட்காரவைத்தேன். துணி எதிரொலியை விழுங்கிவிடும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. டிராக்கை அவர் கேட்பதற்குக் கம்பி உள்ள ஹெட்போன்தான் வேண்டும். புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். பாடுபவர் தாளம் தவறியதாக வீண்பழி ஏற்க நேரும்.

பிறகு கணினியில் இரண்டையும் சேர்த்தேன். தண்ணீரில் எண்ணெய் போலக் குரல் தனியே மிதந்தது. குரலைக் கூட்டினால் குழல் காணாமற்போயிற்று. குழலுக்காக டிராக்கைக் கூட்டினால் சொற்கள் அமுங்கின. இப்படியே ஒரு மாலைப் பொழுது போயிற்று. கூட்டுவதில் பயனில்லை, குறைத்து இடம் பண்ணவேண்டும் என்பது மறுநாள்தான் புரிந்தது.

முதலில் டிராக்கையே 6 டெசிபெல் இறக்கினேன். சொல்லின் தெளிவு பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. குழலின் கூர்மையும் அங்கேதான் வந்து மோதுகிறது. ஈக்வலைசரில் டிராக்கின் அந்தப் பகுதியை மட்டும் 3 டெசிபெல் குறைத்தேன். குரலைத் தொடாமலே சொற்கள் மேலே வந்தன. பெண் குரலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சங்கீதம் ஏதும் இல்லை. சாலையின் உறுமலும் மின்சார இரைச்சலும்தான் அங்கே குடியிருக்கின்றன. அதை வெட்டியதும் மிருதங்கத்தின் தொப்பி சுத்தமாகக் கேட்டது.

குரல் ஓரிடத்தில் ஓங்கும், ஓரிடத்தில் தேயும். ஓங்குவதை அமுக்கிச் சமன் செய்ய கம்ப்ரஸர் இருக்கிறது. அதை 3 டெசிபெல் அளவுக்கு மட்டும் வேலை செய்யவிட்டு, மிச்சத்தை அடியடியாகக் கையாலேயே ஏற்றி இறக்கினேன். பொறுமை வேண்டிய வேலை. ஆனால் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இத்தனைக்குப் பிறகும் குரல் அலமாரிக்குள்ளிருந்தும் மிருதங்கம் கூடத்திலிருந்தும் வந்தன. அங்கேதான் ரிவர்ப் தேவை. கூடத்தின் எதிரொலியைச் செயற்கையாகக் குரலுக்கு ஊட்டுவது அது. தாராளமாகப் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிடும். எதிரொலி 25 மில்லி செகண்டு பிந்தித் தொடங்கும்படி வைத்தால் சொல் மழுங்காது. காதுக்குத் தெரியும்வரை ஏற்றி, அதிலிருந்து சற்றே இறக்கியதும் இருவரும் ஒரே கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.

அத்துடன் விட்டிருக்கலாம். சுருதியைத் திருத்தும் மென்பொருள் ஒன்று கையில் இருந்தது. வயதான குரல் ஆங்காங்கே நடுங்குகிறதே என்று அதையும் ஓட்டி, மூச்சு வாங்கும் ஒலிகளையும் வெட்டி, பெருமையோடு போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "யார் பாடறா மாப்பிள்ளை? நன்னாத்தான் இருக்கு" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. தன் குரலென்று நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. ஸ்வரத்துக்கு ஸ்வரம் படிக்கட்டாக ஏறும் பாட்டுக்கு அந்த மென்பொருள் சரி. நம் கமகமோ ஸ்வரத்தை அசைத்தே காட்டுவது. மென்பொருள் அந்த அசைவையெல்லாம் பிழையென்று எண்ணி நேராக்கிவிட்டது. நடுக்கத்தோடு கமகமும் போயிற்று. அன்றிரவே பழைய பதிவுக்குத் திரும்பினேன். மூச்சொலிகளையும் திருப்பி வைத்து, உரக்கக் கேட்டவற்றை மட்டும் சிறிது தணித்தேன்.

கடைசியாக, டிராக்கை மிகக் குறைந்த ஒலியிலும், கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரிலும் கேட்டுப் பார்ப்பது நல்லது. விழா அன்று அரங்கின் இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்றுதான் பேசியது! பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமியார் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, குழந்தைகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.