கல்லூரிக்குப் பின்னும் நிலைக்கும் நம்பிக்கை

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அயலவர்களாக வாழ்ந்து வருகின்றனர். கிறிஸ்தவப் பின்னணி கொண்ட கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் ஏனைய சமயப் பெற்றோருக்கு, பிள்ளை மதம் மாறிவிடுமோ என்ற அச்சம் நெடுங்காலமாக உண்டு. படித்து ஊரை விட்டுச் சென்ற மகன் பூசைக்குப் போவதை மறந்துவிடுவானோ என்ற கவலை கத்தோலிக்கப் பெற்றோருக்கும் உண்டு. இவ்விரு அச்சங்களையும் ஆராய்வதற்கு வட இலங்கையின் கல்வி வரலாறே போதுமானது.

அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்து ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல் ஆகியவற்றைப் போதித்தது. மாணவர் பலர் அங்கு பயிலும்போதே திருச்சபையில் சேர்ந்தனர். ஆயினும் படிப்பு முடிந்து, உத்தியோகமும் திருமணமும் கைகூடியபின், அவர்களுள் கணிசமானோர் பழைய சமயத்திற்கே திரும்பினர். ஆங்கிலக் கல்வி உத்தியோகத்திற்கு வழிகாட்டிய அளவுக்கு ஊழியத்திற்கு வழிகாட்டவில்லை என்று மிஷன் தலைமை கருதியது. 1855 இல் செமினரி மூடப்பட்டது. சலுகையை ஒட்டி வந்த நம்பிக்கை, அச்சலுகையின் தேவை தீர்ந்ததும் தளர்ந்து போவது இயல்பே.

எனினும் எல்லோருடைய மாற்றமும் அத்தகையதன்று. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து அதே செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னாளில் சைவரானார். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். ஆறுமுக நாவலரோ யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். அவர் மதம் மாறவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடநூல், அச்சகம், பிரசங்கம் என மிஷனரிமார் கையாண்ட கருவிகளையே தம் சமயத்திற்குப் பயன்படுத்தினார். அந்நியக் கல்விக்கூடம் எழுப்பிய வினாக்களே அவரைத் தம் சமய நூல்களை ஆழ்ந்து கற்கச் செய்தன எனலாம்.

முஸ்லிம் சமூகத்தின் அனுபவமும் நோக்கத்தக்கது. மிஷனரிப் பாடசாலைக்குச் சென்றால் மார்க்கம் கெடும் என்று அஞ்சி, அச்சமூகம் ஆங்கிலக் கல்வியிலிருந்து நெடுநாள் ஒதுங்கியிருந்தது. அதனால் விளைந்த பின்னடைவைச் சுட்டிக்காட்டியவர் அறிஞர் சித்திலெப்பை. அவரும் அவரைச் சார்ந்தோரும் எடுத்த முயற்சியால் 1892 இல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி தோன்றியது. மார்க்கமும் நவீன கல்வியும் ஓரிடத்தில் இணைந்திருக்க முடியும் என்பதை அது நிறுவியது.

இன்றைய நிலை வேறு. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. மன்னார் புனித சவேரியாரின் பெயர் தாங்கிய ஆண்கள், பெண்கள் கல்லூரிகள் இரண்டும் இன்று தேசியப் பாடசாலைகளே. க.பொ.த. சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம், உயர்தரத்தில் அவ்வாறில்லை. ஆகவே சமயக் கல்வி பதினாறு வயதளவில் பரீட்சைப் பெறுபேற்றோடு நின்றுவிடுகின்றது. வினாக்களோ அதன்பின்னரே எழுகின்றன. பல்கலைக்கழக விடுதியில் வேற்றுச் சமயத்தவருடன் ஓர் அறையில் வாழும்போதும், விஞ்ஞானமும் மெய்யியலும் பயிலும்போதும், தொழிலின்மையைச் சந்திக்கும்போதும், தான் நம்புவது ஏன் என்று இளைஞன் தன்னையே கேட்கின்றான். மனப்பாடம் செய்த விடை அவ்வேளையில் உதவுவதில்லை.

விடை கிடைக்காதவர்களுட் சிலர் சமயத்தை விட்டு மெல்ல ஒதுங்குகின்றனர். வேறு சிலர் சமயத்தை நம்பிக்கையாகவன்றி வேலியாகப் பற்றிக்கொள்கின்றனர். பின்னையதே நமக்குப் பெருங்கவலை தருவது. 2019 மார்ச்சில், மகா சிவராத்திரிக்கு முந்திய தினம், திருக்கேதீச்சர ஆலயத்தின் வளைவு தொடர்பாக மாந்தையில் நிகழ்ந்த சம்பவம், ஒரே மொழி பேசும் இரு சமயத்தவரிடையே கசப்பை விளைவித்தது. அடுத்த மாதம் உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னர், எக்குற்றமும் புரியாத முஸ்லிம் மக்கள் நாடெங்கும் சந்தேகக் கண்கொண்டு பார்க்கப்பட்டனர். அதற்கு முன்னரே, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதனால், மன்னாரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் அருகருகே அமரும் வாய்ப்பை இழந்திருந்தனர். அந்த இடைவெளி இன்னும் முற்றாக நிரம்பவில்லை.

பிள்ளை எந்தக் கல்லூரியில் படிக்கின்றது என்பதைக் காட்டிலும், அதன் ஐயங்களை எவர் செவிமடுக்கின்றார் என்பதே முக்கியமானது. கேள்வி கேட்பதை அவமரியாதையாகக் கருதும் போக்கைப் பெற்றோர் கைவிடல் வேண்டும். அருட்தந்தையரும் மௌலவிமாரும் சிவாசாரியார்களும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிந்திய வயதினருக்கென நேரம் ஒதுக்குதல் வேண்டும். பாடசாலை அதிபர்கள் மூன்று சமயத்து மாணவரும் ஒருவர் மற்றவரது நோன்பையும் விரதத்தையும் தவக்காலத்தையும் அவரவர் வாய்மொழியாகவே கேட்டறியும் சந்தர்ப்பங்களை ஏற்படுத்தலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை; மனமிருந்தால் போதும்.

சலுகைக்காகப் பெற்ற நம்பிக்கை நிலைக்காது என்பதை வட்டுக்கோட்டை உணர்த்தியது. அச்சத்தால் அடைத்துக் காத்த நம்பிக்கை சமூகத்தைப் பின்தள்ளியது என்பதைச் சித்திலெப்பையின் காலம் உணர்த்தியது. தானே ஆராய்ந்து தெளிந்தவனுக்கு மற்றவனின் சமயம் அச்சுறுத்தலாகத் தோன்றுவதில்லை. அத்தகைய இளைஞர்களையே மன்னார் மண் இன்று வேண்டி நிற்கின்றது.