பிற நிறுவனக் கட்டைகளின் பிடிப்பு ஏன் வேறுபடுகிறது?

டென்மார்க் தேசத்துப் பில்லுண்ட் ஊரினரான காட்ஃபிரெட் கிர்க் கிறிஸ்டியன்சன், 1958 ஜனவரி 28 அன்று லெகோ கட்டையின் இணைப்பு முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அவ்வுரிமையின் காலம் கழிந்தபின், அதே அளவில் கட்டை வார்க்கப் பிற நிறுவனங்களுக்கும் வழி பிறந்தது. எனினும், ஒரே அளவினதாய்த் தோன்றும் கட்டைகளில் சில இறுகப் பற்றுவதும், சில தொட்டவுடன் கழன்றுவிடுவதும் ஏன்?

சூட்சுமம் பெரும்பாலும் கட்டையின் அடியிலுள்ள குழாயில் இருக்கிறது. மேலேயுள்ள குமிழ்கள் 4.8 மில்லிமீட்டர் விட்டமும், மையத்துக்கு மையம் 8 மில்லிமீட்டர் தூரமும் உடையவை. ஆகையால், சதுரமாய் நிற்கும் நான்கு குமிழ்களுக்கு நடுவே எஞ்சும் இடம் சுமார் 6.51 மில்லிமீட்டர். அவ்விடத்தைக் குழாய் நெருக்கி நிறைக்கையில், ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் மயிரிழையளவு வளைந்து, பூர்வ வடிவத்தை மீண்டும் அடைய முயல்கிறது. அம்முயற்சியால் எழும் உராய்வே பிடிப்பு. குழாய் சற்றே சிறுத்தால் பிடி தளரும். பருத்தால் குழந்தையின் விரல் நோகும்.

எனவே, புதிய பெட்டியை மதிப்பிட விரும்புவோர், அட்டைப்படத்தின் வனப்பை நம்பாமல், கட்டைகளைக் கோபுரமாய் அடுக்கி, உச்சிக்கட்டையை மட்டும் பற்றித் தூக்கிப் பார்க்கட்டும்: கோபுரம் முழுவதும் உடன் எழவேண்டும். பிடிப்போடு உயரமும் பிசகக் கூடாது: கட்டை ஒன்றின் உயரத்தில் 0.02 மில்லிமீட்டர் பிழை கண்ணுக்குப் புலப்படாது. ஐம்பது கட்டை அடுக்கினாலோ அது ஒரு மில்லிமீட்டராய்த் திரள, அடுக்கு பக்கத்துச் சுவரோடு இணைய மறுக்கும். உருகிய பிளாஸ்டிக் குளிர்கையில் சுருங்குவதையும் கணக்கிட்டு, எஃகு அச்சை நுட்பமாய்க் கடைந்தெடுக்கும் சிரத்தை எந்த நிறுவனத்திடம் உண்டோ, அதன் கட்டையே, பெயர் எதுவாயினும், குழந்தையின் கற்பனைக்குத் தகுந்த கருவி.