பெட்ரோல் குழாயைக் கழற்றுமுன்...

பெங்களூரு ஜே.சி. ரோடு கார் உதிரி பாகக் கடைகளுக்குப் பேர் போனது. சனிக்கிழமை மாலையில் அங்கே நம்மவர்களையும் பார்க்கலாம். ஒருவர் கையில் பெட்ரோல் பில்டர், இன்னொருவர் கையில் ஒரு முழம் ரப்பர் குழாய். பழைய மாருதியை வாங்கிவிட்டு, மெக்கானிக் கூலியை மிச்சம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை தாமே ஸ்பானர் எடுப்பவர்கள்.

கூலி மிச்சம்தான். ஆனால் இது பிளக் மாற்றுவது போன்ற வேலை அல்ல. கொஞ்சம் அசந்தால் வீடே பற்றிக்கொள்ளும்.

ஏன் ஆபத்து?

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூட தீப்பற்றும் ஆவியை விடக்கூடியது. அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தவழும். ஸ்ரீராமபுரம், அல்சூர் சந்துகளில் வாசலுக்கும் சமையலறைக்கும் பத்தடி தூரம்தான். எரிகிற அடுப்பு, ஊதுவத்தி, ஒரு சுவிட்சின் பொறி எதுவானாலும் போதும்.

1983-ல் வந்த மாருதி 800-ல் இருந்தது கார்புரேட்டர். குழாயில் அழுத்தம் குறைவு. 2000-ஐ ஒட்டி எம்.பி.எப்.ஐ. வந்தது. இந்த வகையில் மின்சார பம்பு பெட்ரோலைச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோ அழுத்தத்தில் தள்ளுகிறது. டயர் காற்றைவிட அதிகம்! என்ஜினை நிறுத்திய பிறகும் அது குழாயில் நிற்கும். அப்படியே கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீச்சியடிக்கும்.

செய்யும் முறை

காலையில், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது, திறந்த வெளியில் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் கூடாது.

பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து மூடுங்கள். பம்பு பியூஸை உருவிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். சற்று ஓடித் தானே நின்றுவிடும். இன்னும் இரண்டு விநாடி செல்ப் அடியுங்கள். அழுத்தம் இறங்கிவிடும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். என்ஜின் மறுபடி ஆறட்டும்.

கண்ணாடி அணிந்து, இணைப்பைத் துணியால் சுற்றி மெதுவாகத் தளர்த்துங்கள். மிச்சம் சொட்டுவதை டப்பாவில் பிடித்து, குழாயின் வாயை அடையுங்கள். சொட்டியதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

புது பில்டரின் அம்புக்குறி என்ஜின் பக்கம் இருக்கட்டும். பழைய கிளிப்பை மறுபடி போடாதீர்கள். குழாயும் பெட்ரோலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும்.

பேட்டரியையும் பியூஸையும் மாட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை திருப்பி, கசிவு உண்டா என்று பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் அதில் மிதந்து தீயைப் பரப்பும். பக்கத்தில் பவுடர் தீயணைப்புக் கருவியோ ஒரு வாளி மணலோ தயாராக இருக்கட்டும். அவசர எண் 112.

டீசல் காமன் ரெயில் வண்டியா? தொடவே வேண்டாம். அதன் அழுத்தம் தோலைத் துளைக்கும். அங்கே மட்டும் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள்.