வென்றவனின் ஹக்கு

உங்கள் வீட்டில் ஒரு பிரேஸிலும் ஓர் ஆர்ஜென்டீனாவும் இருக்கிறார்களா? மட்டக்களப்பு மாவட்டத்து ஊர்களில், காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும் ஓட்டமாவடியானாலும், உலகக் கிண்ணக் காலத்தில் இருக்கத்தான் செய்வார்கள். மூத்தவனுக்கு மஞ்சள் சட்டை, இளையவனுக்கு நீலமும் வெள்ளையும். உம்மா இரண்டையும் ஒரே வாளியில் ஊறப்போட்டுத் துவைக்கிறார். அந்த நாடுகள் உலகப் படத்தில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். ஆனால் "நாம தோத்துட்டம்" என்று சொல்லும்போது கண் கலங்குகிறதே, அது நடிப்பல்ல.

பிள்ளைகள் பந்தாட்டம் பார்ப்பதை நான் குறை கூற வரவில்லை. தொழுகை தவறாமல், பாடம் கெடாமல் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆட்டம் முடிந்த பிறகு அவர்கள் பேசும் பேச்சைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. கட்டாரின் லுஸைல் மைதானத்தில் ஆர்ஜென்டீனாவும் சவூதி அரேபியாவும் மோதின. நமது நேரப்படி பிற்பகல் மூன்றரை மணி. அஸர் தொழுத கையோடு ஊரே தொலைக்காட்சிக்கு முன்னால் குந்திவிட்டது. ஆர்ஜென்டீனா அதற்கு முன் 36 போட்டிகளில் தோல்வியே காணாத அணி. சவூதி அணி உலகத் தரவரிசையில் 51ஆம் இடத்தில் இருந்தது. அதன் வீரர்கள் அத்தனை பேரும் சொந்த நாட்டுக் கழகங்களில் ஆடுபவர்கள். பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனல்ட்டி மூலம் கோல் போட்டார். "இண்டைக்கு அஞ்சாறு விழும்" என்று எங்கும் பேச்சு. இடைவேளைக்குப் பிறகு 48ஆம் நிமிடத்தில் ஸாலிஹ் அஷ்ஷஹ்ரி ஒன்று, 53ஆம் நிமிடத்தில் ஸாலிம் அத்தவ்ஸரி இன்னொன்று. மஃரிபுக்குச் சற்று முன் ஆட்டம் முடிந்தபோது 2-1. வென்றது சவூதி.

மறுநாள் சவூதியில் மன்னர் பொது விடுமுறை அறிவித்தார். நமது தெருக்களிலோ மறுநாள் முழுவதும் சாக்குகளின் சந்தை!

"மூண்டு கோலையும் ஓஃப்சைட் எண்டு தூக்கிப் போட்டா மறுகா ஆருதான் வெல்ல மாட்டான்?"

"மெஸ்ஸிட கால் சரியில்ல மௌலவி. பாதி உசிரோடதான் விளையாடினாரு."

"முதல் மெச்தானே, லேசா எடுத்துட்டாங்க."

"அரபுக்காரனுக்குச் சூடு பழக்கம். அவங்களுக்கு அது பழக்கமில்ல." (லுஸைல் குளிரூட்டப்பட்ட மைதானம் என்பது இவருக்கு நினைவில்லை.)

இந்த முதலாவது சாக்கைச் சற்று உரசிப் பார்ப்போம். மெஸ்ஸி ஒன்றும் லௌட்டாரோ மார்ட்டினஸ் இரண்டுமாகப் போட்ட மூன்று கோல்கள் முதற்பாதியில் செல்லாதவையாயின. உண்மை. ஆனால் ஏன்? பந்தாட்டம் பார்க்காத தாய்மாருக்காக ஒரு விளக்கம். முன்னே நிற்பவனுக்குப் பந்தைக் கடத்தும் அந்தக் கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்திய ஆளையும் தாண்டி அவன் கோலுக்கு அருகே நிற்கக் கூடாது. நின்றால் ஓஃப்சைட். சவூதிப் பின்வரிசையினர் என்ன செய்தார்கள்? கோலடியில் பதுங்கிக் கிடக்காமல், நடுக்கோட்டுப் பக்கமாக ஏறி ஒரே நூலில் நின்றார்கள். நால்வரில் ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் கதை முடிந்தது. மெஸ்ஸி தனியாகக் கோலைப் பார்த்து ஓடுவார். முதற்பாதியில் மட்டும் ஏழு தடவை ஆர்ஜென்டீனா அந்த வலையில் விழுந்தது. ஆக, அந்த ஓஃப்சைட்கள் வானத்திலிருந்து விழுந்த அதிர்ஷ்டமல்ல. பயிற்சியாளர் ஹெர்வே ரெனார்ட் சொல்லிக் கொடுத்து, வீரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த வேலை. எவனுடைய உழைப்போ அதையே அவனுக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது என்ன நியாயம்?

கூலியாள் செய்த வேலைக்கு வியர்வை உலருமுன் கூலி கொடு என்று படித்தவர்கள் நாம். வென்றவனுக்கு வெற்றிதான் கூலி. "நீ வெல்லவில்லை, நான்தான் தோற்றுக் கொடுத்தேன்" என்று சொல்வது அந்தக் கூலியில் கைவைப்பது. ஹக்கைப் பறிப்பதற்குப் பணம் காசு இருக்க வேண்டுமென்பதில்லை.

அள்பாவும் அந்த அஃராபியும்

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் ஓர் அஃராபி, அதாவது பாலைவெளி நாட்டுப்புறத்து அரபி, தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. நபியவர்கள் அதை அவர்களுடைய முகங்களிலேயே கண்டுகொண்டார்கள். இதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புஹாரி பதிவு செய்திருக்கிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். ரசிகர்களின் முகம் வாடுவது என்பது அன்றே இருந்திருக்கிறது! அது குற்றமாகவும் கருதப்படவில்லை. ஆனால் அங்கே நபியவர்கள் சொன்னது என்ன? ஒட்டகம் களைத்திருந்தது என்றார்களா? பாதை சரியில்லை என்றார்களா? இவ்வுலகில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைச் சொன்னார்கள். அந்த அஃராபியின் பெயர்கூட அறிவிப்பில் இல்லை. அவருடைய வெற்றி மட்டும் பதினான்கு நூற்றாண்டுகளாகக் குறைக்கப்படாமல் நிற்கிறது.

ஆயிஷா (ரலி) அவர்களோடு நபியவர்கள் ஓடிய பந்தயத்தையும் நீங்கள் அறிவீர்கள். முதலில் ஆயிஷா நாயகி முந்தினார்கள். காலம் சென்று இன்னொரு பயணத்தில் நபியவர்கள் முந்தினார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று கணக்கைச் சரி செய்துகொண்டார்கள். கணக்கைச் சரி செய்ய வேண்டுமானால் முதல் தோல்வி கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டுமல்லவா? சாக்குச் சொல்பவனின் ஏட்டில் அந்த வரியே இராது.

அப்படியானால் முறைப்பாடே செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். 1982இல் ஸ்பெயின் நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியை 2-1 என்று வென்றது. பிறகு அதே சுற்றின் கடைசி ஆட்டத்தில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் சந்தித்தன. ஜேர்மனி சிறிய வித்தியாசத்தில் வென்றால் இரண்டு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வெளியே. அல்ஜீரியாவின் ஆட்டங்கள் முன்பே முடிந்துவிட்டதால் கணக்கு இருவருக்கும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனி ஒரு கோல் போட்டது. அதன்பின் இருசாராரும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தினார்கள். அல்ஜீரியாவின் முறைப்பாடு ஏற்கப்படவில்லை. எனினும் 1986 முதல் ஒவ்வொரு பிரிவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. அது முறைப்பாடு, எல்லா நாட்டுக்கும் பயன்பட்டது. "மெஸ்ஸிக்குக் கால் வலி" என்பதால் யாருக்கு என்ன பயன்?

நம்மவர் பக்கமும் பார்ப்போம்

சவூதி வென்றதும் "ஹரமைன் நாடு வென்றது" என்று துள்ளியவர்கள் உண்டு. மகிழ்ச்சி நல்லதுதான். ஆனால் ஆர்ஜென்டீனாவை ஆதரித்த தம்பியைப் பார்த்து ஈமானைப் பற்றிப் பேசினார்களே, அது எந்தக் கிதாபில் இருக்கிறது? கோலுக்கும் கொள்கைக்கும் என்ன சம்பந்தம்? நான்கு நாட்களில் போலந்து 2-0 என்றும், அதற்கும் நான்கு நாட்களில் மெக்சிகோ 2-1 என்றும் சவூதியை வென்றன. பிரிவில் கடைசி இடத்தோடு அந்த அணி வீடு திரும்பியது. உடனே சந்தை இந்தப் பக்கம் கூடியது. "அஷ்ஷஹ்ரானிக்குக் காயம், கெப்டனுக்குக் காயம், பெனல்ட்டி தவறிப் போச்சு." காயங்களும் உண்மை, தவறிய பெனல்ட்டியும் உண்மை. அத்தவ்ஸரி அடித்த பெனல்ட்டியைப் போலந்துக் காப்பாளர் பாய்ந்து தடுத்தார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. "தவறிப் போச்சு" என்றால் தடுத்தவன் மறைந்துவிடுகிறான், பார்த்தீர்களா?

மொரோக்கோவும் அப்படித்தான். பெல்ஜியம், ஸ்பெயின், போர்த்துக்கல் என்று பெரியவர்களைச் சாய்த்து, அரையிறுதி கண்ட முதல் ஆபிரிக்க, அரபு அணியாயிற்று. அரையிறுதியில் பிரான்ஸிடம் 2-0 என்று தோற்றதும் மத்தியஸ்தரின் தீர்ப்புகளை எதிர்த்து அதன் சம்மேளனம் பீஃபாவுக்குக் கடிதம் எழுதியது. ஆக, சாக்கு பெரிய அணிகளின் தனிச்சொத்தல்ல.

வேடிக்கை என்னவென்றால், ரசிகர்கள் மட்டக்களப்பில் ஓஃப்சைட் கோடு கீறிக்கொண்டிருந்தபோது, மெஸ்ஸி தோற்ற அன்றே சாக்குக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். பயிற்சியாளர் ஸ்கலோனி அடுத்த ஆட்டத்திற்கு ஐந்து பேரை மாற்றினார். டிசம்பர் 18 அன்று கிண்ணம் அவர்கள் கையில். தோல்விக்குக் காரணம் தேடுவது வேறு; அது தன் வீட்டுக்குள் நடக்கும் வேலை. சாக்கு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று கத்துவது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன்? ஆர்ஜென்டீனா தோற்றால் நமக்கு அரிசி விலை ஏறப் போவதில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பழகிய நாக்குத்தான் சனி, ஞாயிறில் நமது ஊர் மைதானத்துக்கும் வருகிறது. இங்கே சாக்கு மெஸ்ஸியின் காலோடு நிற்பதில்லை. "ரெஃபரி அவங்கட ஊர்" என்று தொடங்கும். அடுத்த வசனத்தில் "அவங்கட ஆக்கள் எப்பவும் அப்படித்தான்" என்றாகும். கல்முனை வீதியில் ஒரு தமிழூர், ஒரு முஸ்லிம் ஊர் என்று கோர்த்த மணிபோல் வாழ்கிறவர்கள் நாம். அந்த இரண்டாவது வசனத்தின் விலை என்ன என்பதை இந்த வாவியோரத்தில் நாற்பது வயதைக் கடந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு நகரில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஆடும் வெபர் மைதானம், அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளை விளையாட்டில் பயிற்றுவித்த ஒரு பாதிரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே போய் "எந்த ஊர் ரெஃபரி" என்று கேட்பதற்கு நமக்கே கூச வேண்டும்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். தோற்று வந்தால் மத்தியஸ்தரைப் பற்றி என்னிடம் முறையிடலாம். ஆனால் அதற்கு முன் வென்ற அணி நன்றாகச் செய்தவை மூன்றைச் சொல்ல வேண்டும். சென்ற முறை பக்கத்து ஊரிடம் ஒரு கோலால் தோற்று, முழங்காலில் மண்ணோடு வந்து நின்றார்கள். முதலாவதைச் சொல்லவே நெடுநேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு சிறுவன் முணுமுணுத்தான்: "அவங்கட கோலி நல்லாப் பாய்ஞ்சான் மௌலவி." பிறகு மற்றவன், "அந்த எட்டாம் நம்பர்காரன் ஓடிக்கொண்டே இருந்தான், களைக்கவே இல்ல." மூன்றாவது என்ன என்பதில் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் மூண்டது. பாங்கு சொல்லும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.