பான்யூ: பேர் மட்டும் இடம் மாறின கதை

குவாங்சோ நகரத்துக்குத் தெற்கே பான்யூன்னு ஒரு புறநகர் இருக்கு. அதைப் பத்திக் குறிப்பெடுக்கப் போய்க் குழம்பிட்டேன். பழைய வரலாற்றில் வரும் பான்யூ இந்தப் புறநகரில் இல்லை. இன்றைய குவாங்சோவின் நட்டநடுவில் இருக்கு!

கி.மு. 214-ல் சின் பேரரசு தென்பகுதியைப் பிடித்து, நான்ஹாய் என்ற ஆட்சிப் பிரிவை அமைத்தது. தலைமையிடம் பான்யூ. பிறகு நான்யுவே அரசின் தலைநகரும் அதுதான். 1983-ல் குவாங்சோ நகருக்குள் கண்டுபிடித்த நான்யுவே அரசர் கல்லறையில், இந்தப் பேர் பொறித்த வெண்கலப் பாத்திரம்கூடக் கிடைத்தது.

அப்புறம் பேர் எப்படித் தெற்கே போச்சு? அங்கேதான் ‘ஷியென்’ வருது. ஆங்கிலத்தில் கவுண்டி என்பார்கள். சிங் பேரரசு காலத்தில் குவாங்சோ நகரத்துக்குன்னு தனி நிர்வாகம் கிடையாது. மேற்குப் பக்கம் நான்ஹாய் கவுண்டி, கிழக்குப் பக்கம் பான்யூ கவுண்டி. இரண்டின் அலுவலகமும் மதிலுக்குள்ளேயே இருந்தன. 1921-ல் குவாங்சோ தனி நகராட்சி ஆனது. பான்யூவிடம் மிஞ்சியது சுற்றுப்புறக் கிராமங்கள்தான். அலுவலகமும் பின்னால் வெளியேறி, கடைசியில் ஷிச்சியாவ் ஊரில் உட்கார்ந்தது.

1992-ல் பான்யூ, கவுண்டி நிலை நகரமாக உயர்ந்தது. 2000-ல் அதைக் கலைத்து குவாங்சோவின் ‘ச்யூ’, அதாவது நகருக்குள் அடங்கிய ஒரு பிரிவு, ஆக்கிவிட்டார்கள். கேட்க வெறும் பேர் மாற்றம் மாதிரி இருக்கும். ஆனால் கவுண்டி நிலை நகரம் தன் வரவு செலவையும் நகரத் திட்டத்தையும் பெருமளவு தானே பார்த்துக்கும்; ச்யூ ஆனால் மேலே இருக்கும் நகரத்தின் திட்டத்துக்குள் அடங்கணும். குவாங்சோவுக்கு அப்போ தெற்கே விரிய இடம் வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களுக்கான தீவும், 2010-ல் திறந்த குவாங்சோ தெற்கு ரயில் நிலையமும் பான்யூ மண்ணில்தான் வந்தன. 2005-ல் கடலோரப் பகுதி நான்ஷா என்று தனி ச்யூவாகப் பிரிந்தது. 2012-ல் இன்னும் மூன்று ஊர்கள் அதோடு போயின.

ஒண்ணு கவனிக்கணும்: ச்யூ ஆனதாலேயே கிராம நிலம் அரசுடையது ஆகிடாது. கையகப்படுத்தும்வரை அது கிராமக் கூட்டுடைமைதான். இழப்பீட்டுப் பேச்செல்லாம் அங்கேதான் தொடங்குது.

அதனால் ‘பான்யூ’ன்னு எங்கே படிச்சாலும், முதல்ல எந்த வருஷம்னு பாருங்க.