பசியாறியாச்சா?

"மே பதினோராம் தேதி காலையில எறங்குறேன். பத்து நாள் இருப்பேன். டிக்கெட் எடுத்தாச்சு."

வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இவ்வளவுதான். வரலாமா, வசதிப்படுமா என்ற கேள்வியே இல்லை. படித்ததும் எனக்கு மகிழ்ச்சி வருவதற்கு முன்பே பதற்றம் வந்துவிட்டது. உடனே நாள்காட்டியைத் திறந்து பார்த்தேன். வேலை, பல் மருத்துவர், கணவரின் அலுவலக விருந்து என்று எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது.

நெதர்லாந்தின் தி ஹேக் நகருக்கு நான் குடிவந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் காப்பி குடிக்க வருவதற்கே இரண்டு வாரத்துக்கு முன் நாள் குறிப்பார். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது தொந்தரவு. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் பிறந்த இடம் அப்படியில்லை. மலாக்கா மாநிலம் ஜாசின் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். லயத்து வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர். அந்தச் சுவர் கூரைவரை போகாது. எங்கள் வீட்டில் அம்மா தும்மினால் தோழியின் வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். உறவினர்கள் பேருந்தில் வந்து இறங்கி மண் சாலையில் நடந்து வருவதைப் பார்த்த பிறகுதான் விருந்தாளி வந்திருப்பதே தெரியும். உடனே உலையில் இன்னும் ஒரு குவளை அரிசி விழும். முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் "பசியாறியாச்சா?" என்பதுதான்.

அந்தப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவள்தான் இந்தத் தோழி. பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயமும் போனது. அவள் பத்து பிரண்டாம் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை வேலைக்குப் போய் 27 ஆண்டுகள் உழைத்தாள். 55 வயதாகி ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் செலவு இந்தப் பயணம்.

கடனும் பட்டியலும்

அவளுக்கு நான் பட்ட கடன் பெரியது. 2021 ஜூன் மாதம், நாடு முழுவதும் ஊரடங்கு. ஊருக்குத் திரும்புகிறவர்கள் 14 நாள் தனிமையில் இருக்க வேண்டிய நேரம். அப்போதுதான் என் அம்மா படுத்த படுக்கையானார். மூன்றே நாள். நான் விமானத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவைக் குளிப்பாட்டி, எனக்குப் பிடித்த அரக்குச் சேலையைக் கட்டிவிட்டு, நான் பார்ப்பதற்காகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றவள் அவள்.

அதனால் இந்தப் பத்து நாளில் அவளுக்கு ஐரோப்பாவையே காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆம்ஸ்டர்டாம், பிரசல்ஸ், கொலோன், பாரிஸ் என்று பட்டியல் போட்டு, ரயில் நேரங்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

வந்து சேர்ந்தவள், எங்கள் மூன்றாவது மாடிக்குப் போகும் படிக்கட்டைப் பார்த்து மலைத்துப்போனாள். இங்குள்ள பழைய வீடுகளில் படிக்கட்டு ஏணியைப் போலச் செங்குத்தாக இருக்கும். "ஏண்டி, இது வீடா, தென்னை மரமா?" என்றாள். பெட்டியைத் திறந்தால் நெத்திலி, மீன் மசாலா, அப்பளம், எனக்கென்று தைத்த நான்கு ரவிக்கைகள். அன்று மாலை ஏழு மணியிலிருந்து சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஏழு, ஏழேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். இங்கே மே மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும். "எப்பத்தான்டி விளக்கு ஏத்துவீங்க?" என்று கேட்டாள். நான் விளக்கேற்றி எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை.

வெள்ளை ஸ்டாட்ஹைஸ்

நகர மையத்தில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று நின்று கைகாட்டினாள். பலகையில் "ஸ்டாட்ஹைஸ்" என்றிருந்தது. மலாக்காவில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் சிவப்புக் கட்டடத்தின் பெயரும் அதுதான். எழுத்துக்கூட்டலில்தான் சிறு வித்தியாசம். டச்சு மொழியில் அதற்கு நகர மன்றம் என்று பொருள். 1641 முதல் ஏறக்குறைய 180 ஆண்டுகள், இடையில் சில காலம் தவிர, மலாக்கா டச்சுக்காரர்களிடம் இருந்தது. 1824இல் போட்ட ஒப்பந்தத்தின்படிதான் ஆங்கிலேயரிடம் கைமாறியது. பொய்யாத விநாயகர் ஆலயம் எழுந்த நிலத்தை 1781இல் மலாக்கா செட்டிகளின் தலைவருக்குக் கொடுத்ததும் டச்சு ஆட்சிதான். தி ஹேக் நகர மன்றமோ வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஊர்க்காரர்கள் அதைப் பனிமாளிகை என்று கேலி செய்வார்கள். "நம்ம ஊருல செவப்பு, இங்க வெள்ளை. சாயம் எல்லாத்தையும் நம்மகிட்ட விட்டுட்டு வந்துட்டாங்க போல" என்றாள். அந்தச் சாலையில் 19 ஆண்டுகளாகப் போய் வருகிறேன். ஒருநாளும் எனக்கு இது தோன்றியதில்லை.

அங்கிருந்து பக்கத்துத் தெருவில் ஒரு "தோக்கோ". கடை என்பதற்கான இந்தோனேசியச் சொல்லை டச்சுக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சம்பால், தெம்பே, நாசி கோரேங் என்று எழுதியிருந்ததைச் சத்தம் போட்டுப் படித்தாள். கடைக்காரரிடம் மலாயில் விலை கேட்டுப் பேரமும் பேசிவிட்டாள்.

அடுத்த நாள் சூரினாம் மக்கள் நடத்தும் ஒரு ரொட்டிக் கடைக்குப் போனோம். 1873 முதல் 1916 வரை ஏறக்குறைய 34,000 இந்தியர்களை, பெரும்பாலும் வட இந்தியாவிலிருந்து, டச்சுக் குடியேற்ற நாடான சூரினாமின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1975இல் அந்த நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் அவர்களின் வாரிசுகள் பலர் இங்கே குடியேறினார்கள். கடைக்கார அம்மாவின் முன்னோர் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் போனவர். "எங்க தாத்தாவ கங்காணி கூட்டிக்கிட்டு வந்தாரு, அவங்க தாத்தாவ கப்பல்காரன் கூட்டிக்கிட்டுப் போனான்" என்றாள் தோழி. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மா அவள் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தார்.

எழுப்பாதே

ஐந்தாம் நாள் இரவு. மறுநாள் விடியற்காலையில் பாரிஸ் ரயில். நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் பாரிசுக்கு வரலடி," என்றாள். "கோபுரம் பாக்கவா வந்தேன்? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வருசமா போன்ல சொல்ல வாய் வரல."

அம்மாவின் கடைசிக் காலைப் பொழுதைப் பற்றிச் சொன்னாள். எட்டு மணிக்கு இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாராம். பிறகு, "பிள்ள பசியாறியாச்சா?" என்று கேட்டாராம். தோழி தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறாள். "உன்ன இல்ல, அவள" என்றிருக்கிறார். இவள் எனக்கு அழைக்கக் கைப்பேசியை எடுத்தபோது, "அங்க இப்ப நடுராத்திரி. வேலைக்குப் போற பிள்ள. எழுப்பாதே" என்று தடுத்திருக்கிறார். பகல் பன்னிரண்டு மணிக்கு அம்மா போய்விட்டார். எனக்கு அழைப்பு வந்தபோது இங்கே காலை ஆறு மணி.

"நான் அவங்க பேச்ச கேட்டிருக்கக் கூடாதுடி. உன்ன எழுப்பியிருக்கணும்."

கடன்காரி நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க 13 மணி நேரம் விமானத்தில் வந்திருக்கிறாள். எனக்குப் பேச்சு வரவில்லை. எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். இரண்டு குவளையோடு திரும்பியபோதுதான் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"2022ல வந்தியே, பண்டா ஹிலிர்ல ஓட்டல் எடுத்துத் தங்குனியே. ஒருநாள் மத்தியானம் சாக்லேட் டப்பாவோட வந்து ரெண்டு மணி நேரத்துல கெளம்பிட்ட. என்மேல கோவம்னு நெனச்சேன்."

உண்மையில், அவளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்றுதான் ஓட்டலில் தங்கினேன். அதை நான் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பட்டியலைக் கிழித்துப் போட்டோம். பாரிஸ் டிக்கெட்டுக்குப் பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. மிச்சம் ஐந்து நாளும் சமைத்தோம், கடற்கரையில் நடந்தோம், அம்மாவைப் பற்றிப் பேசினோம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கு லாரியில் போனது, திரும்பும்போது நான் செருப்பைத் தொலைத்தது, அதற்கு அவள் அடி வாங்கியது எல்லாம் வந்தன. இரவு ஒன்பதரைக்கு, பொழுது சாய்ந்த பிறகு, அவளே விளக்கேற்றினாள்.

வருபவர்களுக்கு

ஐரோப்பாவில் பிள்ளைகளோ நண்பர்களோ இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மலேசியக் கடப்பிதழுக்கு, செங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை தங்க விசா தேவையில்லை. ஆனால் திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிட முகவரியையும் கேட்கலாம், கையில் வைத்திருங்கள். இறைச்சி, பால் பொருள், நெய் கொண்டுவர முடியாது. கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். நெத்திலி, கருவாட்டுக்குத் தடையில்லை. அழைப்பவர்களுக்கு ஒன்று: வரும் விருந்தாளிக்கு எந்த ஊரைக் காட்டலாம் என்று யோசிப்பதற்கு முன், இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் உட்காருங்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வருகிறவர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

போன வாரம் நான் மாசி மகத்துக்கு டிக்கெட் எடுத்தேன். அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "பத்து நாள் இருப்பேன். டிக்கெட் எடுத்தாச்சு." வரலாமா என்று கேட்கவில்லை.

உடனே பதில் வந்தது. "வா. ஓட்டல் பேரு சொன்ன, கதவத் தொறக்க மாட்டேன்."